புள்ளிக்குள் அடங்கிய தமிழ்: ஈய எழுத்திலிருந்து ஒரு அங்குலத் திரை வரை

ஒரு சின்னக் கணக்கோட ஆரம்பிக்கலாம். தமிழ்ல மொத்தம் 247 எழுத்து. எலக்ட்ரானிக்ஸ் கடையில மலிவாக் கிடைக்கிற பச்சை நிற 16க்கு 2 திரை இருக்கு பாருங்க, அதுல நாமளா வரைஞ்சு சேர்த்துக்க இருக்கிற இடம் வெறும் 8. இந்த 247க்கும் 8க்கும் நடுவுல நடக்கிற இழுபறிதான் இந்தப் பதிவு. இதுல தமிழ் தோத்துப் போனா, நம்ம தோட்டத்து மோட்டார் பெட்டி காலத்துக்கும் இங்கிலீஷ்லதான் பேசிக்கிட்டு இருக்கும்.

கொஞ்சம் நீளமான பதிவுங்க. நுட்பம்னாலே அலர்ஜின்னு இருக்கிறவங்க பயப்பட வேணாம், பாதிக்கு மேல வரலாறுதான். பொட்டி தட்டுற மக்களுக்குக் கடைசியில கொஞ்சம் தீனி இருக்கு :-)

எழுத்துருவை மாத்தறதுன்னு சொன்னாலே இப்ப நமக்கு ஞாபகம் வர்றது ஏதோ ஒரு மென்பொருள். ஆனா புதுசா ஒரு பொருள் மேல தமிழை எழுத வேண்டி வந்தப்பல்லாம் யாராவது ஒருத்தர் இந்த வேலையைப் பண்ணியிருக்காங்க. ஒவ்வொரு தடவையும் கேள்வி ஒண்ணுதான்: தமிழோட சுமையை யார் சுமக்கறது? எழுதுறவனா, கருவியா, படிக்கிறவனா?

கல்லும் ஓலையும்

நம்ம தர்மபுரி மாவட்டம் நடுகல்லுக்குப் பேர் போனது. ஆநிரையை மீட்கப் போய் விழுந்தவன், ஊரைக் காக்க நின்னு செத்தவன்னு வீரர்களுக்கு நட்ட கல்லுங்க. பழைய கல்லுங்கள்ல பல வட்டெழுத்துல இருக்கும். தர்மபுரி அகழ்வைப்பகத்துக்கு ஒரு எட்டு போனீங்கன்னா பக்கத்துல நின்னே பாக்கலாம்.

கல்லுல வெட்டுறவனுக்கு எழுத்தோட எண்ணிக்கை ஒரு பிரச்சினையே இல்லை. உளி ஒண்ணுதான், 247 எழுத்தும் அந்த உளியிலேயே வந்துரும். ஓலையிலயும் அப்படித்தான், எழுத்தாணி ஒண்ணு போதும். ஆனா அங்க வேற ஒண்ணு அடி வாங்குச்சு. புள்ளி! மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டுன்னு தொல்காப்பியமே சொல்லுது. இருந்தும் கல்வெட்டுலயும் ஓலையிலயும் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டாங்க. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. காலுக்கும் ரகரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. எ, ஏ, ஒ, ஓ இதுக்கெல்லாம் இப்ப நாம எழுதுற மாதிரி வேறுபாடு காட்டுனது 18ஆம் நூற்றாண்டுல வாழ்ந்த வீரமாமுனிவர்னு சொல்லுவாங்க.

ஆக கல்லு, ஓலை ரெண்டு காலத்துலயும் சுமை படிக்கிறவன் தலையில. இடம் பொருள் பாத்து அவனே புள்ளி வச்சுப் படிச்சுக்கணும். கல்வெட்டு படிக்கிறதுக்குத் தனியாப் படிச்சவங்க தேவைப்படுறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஈயம் வந்ததும் எண்ணிக்கை வந்துச்சு

அச்சு வந்தப்பதான் எண்ணிக்கைங்கிற பூதம் கிளம்புச்சு. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு அச்சு வெட்டணும், வார்ப்பு எடுக்கணும், அறைபெட்டியில அதுக்குன்னு ஒரு அறை ஒதுக்கணும். எழுத்துக்கு எழுத்து செலவு.

தமிழ்ல அச்சான பழைய புத்தகங்கள்ல நம்ம கையில இருக்கிற 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபர்ல கொல்லத்துல வந்துச்சு. அண்டிரிக் அடிகளார்னு நாம கூப்பிடுற போர்ச்சுகீசியப் பாதிரியார் பண்ணது, 16 பக்கம். அதோட கடைசிப் பக்கத்துல ஒரு சுவாரசியம் இருக்கு. 1577ல கோவாவில செஞ்ச தமிழ் எழுத்தையும், 1578ல கொல்லத்துல செஞ்ச எழுத்தையும் தனித்தனியாக் காட்டியிருப்பாங்க. அதாவது முதல் புத்தகத்துலயே ரெண்டு எழுத்துரு. "எந்த ஃபான்ட்ல நல்லா இருக்கு"ங்கிற சண்டைக்கு வயசு நானூறைத் தாண்டிருச்சு, சாமி.

இதை விட எனக்குப் பிடிச்ச கதை தரங்கம்பாடியில நடந்தது. சீகன்பால்கு அங்க பைபிளைத் தமிழ்ல அச்சடிக்க ஆசைப்பட்டார். தமிழ் எழுத்துகளை ஜெர்மனியில ஹாலே நகரத்துல வார்த்து அனுப்பினாங்க. 1713ல அச்சு வேலை ஆரம்பிச்சுது. ஆனா வந்த எழுத்து ரொம்பப் பெருசு. அந்த அளவுல புதிய ஏற்பாடு முழுசையும் அடிச்சா காகிதத்துக்கு எங்க போறது? அதனால தரங்கம்பாடியிலேயே சின்ன அளவுல எழுத்து வார்த்தாங்க. அதுக்கு ஈயம்? இங்கிலாந்துல இருந்து வந்த செஷயர் சீஸ் டப்பாவோட ஈய மூடிகளை உருக்கினாங்க! அந்தச் சின்ன எழுத்துல புதிய ஏற்பாடு 1715ல அச்சாகி முடிஞ்சுது.

யோசிச்சுப் பாருங்க. கையில இருக்கிற எழுத்துரு பெருசு, கிடைக்கிற இடம் சின்னது, அதனால அதே எழுத்தைச் சின்ன அளவுக்கு மறுபடி வடிக்கணும். இன்னைக்கு மேசைக் கணினியில எழுத்துருவைச் சின்னத் திரைக்கு மாத்தறவன் பண்றதும் இதேதான். அவங்க சீஸ் டப்பா மூடியைத் தேடினாங்க, நாம பைட்டைத் தேடுறோம்.

நகரா விசை

அடுத்த நெருக்கடி தட்டச்சுப் பொறி. ஆங்கிலத்துக்குச் செஞ்ச பொறியில நாப்பது சொச்சம் விசை. ஒரு விசைக்கு ரெண்டு எழுத்துன்னு வச்சாலும் தொண்ணூறு சுமாருக்கு மேல போகாது. 247ஐ எப்படி அடைக்கிறது?

யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில 1886ல பிறந்து மலாயா, சிங்கப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போன இரா. முத்தையா இதுக்கு வழி கண்டுபிடிச்சார். அவர் வடிவமைச்ச பொறியை ஜெர்மனியில தயாரிச்சாங்க. அதுல இருந்த சூட்சுமம் நகரா விசை. பொதுவா ஒரு விசையைத் தட்டினா தாள் ஒரு எழுத்து நகரும். புள்ளி மாதிரியான சில குறிகளைத் தட்டினா மட்டும் நகராது. அடுத்துத் தட்டுற எழுத்து அதே இடத்துல வந்து உக்காரும். புள்ளியைத் தட்டி 'க' தட்டினா 'க்' ஆயிரும். 18 மெய்க்கும் 18 விசை வேணாம், ஒரே புள்ளி போதும்.

கவனிங்க, எழுத்துங்கிறதைத் துண்டு துண்டாக் கழட்டிட்டு, தாள் மேல திரும்ப ஒட்டுற வேலை இது. கழட்டுற மூளை தட்டச்சருக்கு, ஒட்டுற வேலை பொறிக்கு. சுமையைப் பிரிச்சுக்கிட்டாங்க. இந்த யோசனையை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

1978 எழுத்துச் சீர்திருத்தமும் இந்த வரிசையிலதான் வருது. பெரியார் 1935லயே குடி அரசுல புழக்கத்துக்குக் கொண்டு வந்ததை 1978ல எம்.ஜி.ஆர். அரசு ஏத்துக்கிட்டுது. ணா, றா, னா, அப்புறம் யானைத் தும்பிக்கை போட்டு எழுதின ணை, லை, ளை, னை, கூடவே ணொ, ணோ வகையறா. மொத்தம் 13 எழுத்து பழைய உருவத்தை விட்டுட்டுப் பொது வழிக்கு வந்துச்சு. அச்சுக் கோக்கிறவருக்குத் தனி அறைகள் மிச்சம். அன்னைக்கு நினைச்சாங்களோ இல்லையோ, அந்த மிச்சம் இன்னைக்குச் சின்னத் திரைக்கும் சேர்த்துத்தான்.

ஜப்பானுக்கு இடம் இருக்கு, நமக்கு எட்டு ஓட்டை

இப்ப சில்லுக்கு வருவோம். 1980கள்ல ஜப்பானோட ஹிட்டாச்சி எச்டி44780ன்னு ஒரு திரைக் கட்டுப்பாட்டுச் சில்லு கொண்டு வந்துது. அதுவும் அதைப் பாத்துச் செஞ்ச நகல்களும் உலகம் பூரா பரவிருச்சு. ஜெராக்ஸ் மெஷின், எடை மெஷின், மோட்டார் பெட்டி, காலேஜ் பிராஜெக்ட்னு எங்க பாத்தாலும் அதான்.

அந்தச் சில்லுக்குள்ளேயே எழுத்துகளோட படம் நிரந்தரமாப் பதிஞ்சிருக்கும். ஆங்கிலம் இருக்கு. அதோட ஒரு வகையில ஜப்பானியக் கட்டகானா எழுத்தும் இருக்கு. நாம ஆர்டுய்னோவுல ஏதாவது தப்பான எண்ணை அனுப்பினா திரையில புரியாத குச்சி குச்சியா வருமே, அது பேயில்லைங்க, கட்டகானா :-)

செஞ்சவன் ஜப்பான்காரன், அதனால அவன் எழுத்து உள்ள இருக்கு. அதுல குறை சொல்ல ஒண்ணுமில்லை. அவங்களும் ஆயிரக்கணக்கான காஞ்சி எழுத்தை விட்டுட்டுத்தான் கட்டகானாவை மட்டும் ஏத்தினாங்க. மத்த மொழிக்காரங்களுக்கு? 64 பைட் இடம். ஒரு எழுத்துக்கு 8 பைட்டுன்னு எட்டு எழுத்து வரைஞ்சுக்கலாம். ஒவ்வொண்ணும் அகலத்துல 5 புள்ளி, உயரத்துல 8 புள்ளி.

இதுல தமிழை வச்சுப் பாருங்க. மூணு சுழி ண இருக்கே, மூணு வளைவுக்கு நடுவுல மூணு வெற்றிடம் வேணும், அதுங்களைப் பிரிக்க நாலு கோடு வேணும். ஆக குறைஞ்சது 7 புள்ளி அகலம். இருக்கிறதோ 5. அதனால 'ண்'க்கு ரெண்டு கட்டம், 'ணீ'க்கு மூணு கட்டம்னு இழுத்துத்தான் எழுதணும். என் கணக்குல 'தண்ணீர்'ங்கிற ஒரே சொல்லுக்கு 7 கட்டம் போயிருது. மிச்சம் ஒண்ணு. தண்ணீர்னு எழுதிட்டா, பக்கத்துல 'இல்லை'ன்னு எழுத இடமில்லை!

புள்ளி எப்படிப் பிறக்குது

நல்லவேளையா, எட்டு ஓட்டையோட உலகம் முடிஞ்சு போகலை. எழுத்துக் கட்டம் இல்லாம வெறும் புள்ளிகளா இருக்கிற திரைகள் வந்துச்சு. 2000ல வந்த நோக்கியா 3310ஓட திரை 84க்கு 48 புள்ளி, அவ்வளவுதான். முழுத் திரைக்கும் 504 பைட் போதும். இப்ப எல்லாரும் வாங்குற ஒரு அங்குலத்துக்கும் குறைவான ஓலெட் திரை 128க்கு 64. அதுக்கு 1024 பைட். ஆர்டுய்னோ ஊனோவுல இருக்கிற சில்லுக்கு வேலை செய்யுற நினைவகம் 2 கிலோபைட், நிரலை வைக்கிற இடம் 32 கிலோபைட். அதாவது திரை மட்டுமே பாதி நினைவகத்தைத் தின்னுரும். மிச்சத்துலதான் குடும்பம் நடத்தணும்.

இந்த இடத்துல ஒரு விஷயம். நம்ம கணினியில இருக்கிற ட்ரூடைப் எழுத்துரு புள்ளிகளா இருக்காது. வளைகோடுகளோட கணக்கா இருக்கும். எந்த அளவு கேட்டாலும் அந்தக் கணக்கைப் போட்டுப் புள்ளியாக்கித் தரணும். அந்தக் கணக்கைச் சின்னச் சில்லுல போட முடியாது. அதனால மேசைக் கணினியில ஒரே ஒரு தடவை போட்டு, வர்ற புள்ளிகளை மட்டும் சில்லுக்குள்ள ஏத்திருவாங்க.

பழைய வழி பிடிஎஃப்னு ஒரு கோப்பு வகை. அடோபி கொண்டு வந்தது, யூனிக்ஸ் உலகத்துல எக்ஸ் விண்டோவுல ரொம்ப நாள் ஓடுச்சு. சாதாரண எழுத்துக் கோப்புதான், நோட்பேடுல திறந்தாலே படிக்கலாம். ஒவ்வொரு எழுத்துக்கும் எண், அகலம், உயரம், அப்புறம் வரிசைக்கு வரிசை எந்தப் புள்ளி எரியணும்கிற கணக்கு. யு8ஜி2 திரை லைப்ரரியில பிடிஎஃப்கான்வ்னு ஒரு கருவி இதை வாங்கிச் சுருக்கி, சில்லுக்கு ஏத்த சி மொழி வரிசையா மாத்திக் கொடுக்கும். அடாஃப்ரூட்காரங்களோட ஃபான்ட்கன்வர்ட் ட்ரூடைப்பையே நேரா எடுத்துக்கும். உள்ள ஃப்ரீடைப்னு ஒரு லைப்ரரி வளைகோட்டைப் புள்ளியாக்கும். வெளிய வர்ற கோப்புல ரெண்டு பகுதி: எல்லா எழுத்தோட புள்ளிகளும் இடைவெளி இல்லாம ஒரே நீளமா, அப்புறம் எந்த எழுத்து எங்க ஆரம்பிக்குது, அகலம் என்ன, அடுத்த எழுத்துக்கு எவ்வளவு நகரணும்கிற அட்டவணை.

அச்சுக்கூடத்து அறைபெட்டியேதான். ஈயத்துக்குப் பதிலா பைட், அவ்வளவுதான் வித்தியாசம்.

தமிழ் எங்க இடறுது

ஆங்கிலத்துக்கு இது அஞ்சு நிமிஷ வேலை. 32ல இருந்து 126 வரைக்கும் எடுத்துக்கோன்னு சொன்னா முடிஞ்சுது. தமிழுக்கும் அதே மாதிரி யூனிகோட் பகுதியைக் கொடுத்தா? 1991ல யூனிகோட் முதல் பதிப்புலயே தமிழுக்கு 128 இடம் ஒதுக்கினாங்க. இந்திய அரசோட இஸ்கி தரத்தை ஒட்டின அமைப்பு அது. உயிர், அகர மெய், அப்புறம் துணைக்குறிகள். அவ்வளவுதான் அங்க இருக்கு. 'கு' அங்க இல்லை. 'க'வும் உகரக் குறியும் தனித்தனியா இருக்கு.

ஆனா எழுத்துருக் கோப்புக்குள்ள 'கு'வோட படம் கண்டிப்பா இருக்கும். அதுக்கு யூனிகோட் எண்தான் கிடையாது. 'க'வும் உகரமும் அடுத்தடுத்து வந்தா இந்தப் படத்தைப் போடுன்னு எழுத்துருவுக்குள்ள ஒரு விதி எழுதி வச்சிருப்பாங்க. அந்த விதியைப் படிச்சு நடத்துறது உங்க கணினியிலயும் கைப்பேசியிலயும் இருக்கிற ஹார்ஃப்பஸ் மாதிரி ஒரு மென்பொருள். மாத்துற கருவியோ ஒவ்வொரு எண்ணாக் கேட்டு வாங்குற ஆளு. எண் இல்லாத 'கு' வீட்டுக் கதவை அது தட்டவே தட்டாது.

ரெண்டாவது இடறல் கொம்பு. 'லை'ங்கிறதுல யூனிகோட் வரிசைப்படி லகரம் முதல்ல, ஐகாரக் குறி அப்புறம். கண்ணுக்கு மட்டும் குறி முன்னாடி நிக்கணும். 'கொ'வுல இன்னும் கூத்து: ஒரே ஒகரக் குறி ரெண்டாப் பிரிஞ்சு, கொம்பு முன்னாடியும் கால் பின்னாடியும் போகணும். வந்த வரிசையிலேயே வரைஞ்சு தள்ளுற சின்னச் சில்லு இதுக்கு என்ன பண்ணும்? கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்னு பிச்சுப் போட்டுரும். கடைப் பலகையில, ரசீதுல எல்லாம் இப்படிக் கொம்பு உடைஞ்ச தமிழைப் பாத்திருப்பீங்க. படிக்கிறவன் மனசுக்குள்ள ஒட்டிக்கிட்டுப் படிக்கணும். நடுகல் காலத்துக்கே திரும்பியாச்சு, சுமை மறுபடி படிக்கிறவன் தலையில.

திஸ்கியை மறந்துட்டீங்களா?

இங்கதான் நம்ம பழைய தோஸ்த் வர்றார். பழைய வலைப்பதிவருங்களுக்கு திஸ்கியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1990களோட கடைசியில, ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒவ்வொரு எழுத்துரு, ஒருத்தர் எழுதினது அடுத்தவருக்குக் கொக்கிக் கொக்கியாத் தெரியும்னு இருந்த காலத்துல, உலகம் பூரா இருந்த தமிழர்கள் மின்னஞ்சல் வழியாவே விவாதம் பண்ணி உருவாக்கின குறியீடு அது. கிட்டத்தட்ட அதே சமயத்துல 1999 பிப்ரவரியில சென்னையில நடந்த தமிழ்நெட்99 மாநாட்டுக்கு அப்புறம் தமிழக அரசோட டாம், டாப் வந்துச்சு. அப்புறம் யூனிகோட் பரவ ஆரம்பிச்சதும் சுரதாவோட பொங்குதமிழ் பக்கத்துல போட்டு இதையெல்லாம் மாத்தி மாத்தி எடுத்துக்கிட்டோம். யூனிகோட் ஜெயிச்சுது. ஜெயிக்க வேண்டியதுதான், சந்தேகமே இல்லை. தேட, வரிசைப்படுத்த, சேமிக்க அதுதான் சரி.

ஆனா திஸ்கி எப்படி வேலை செஞ்சுதுன்னு ஒரு நிமிஷம் யோசிங்க. எட்டு பிட்டு, 256 இடம். கீழ் 128ல ஆங்கிலம், மேல் 128ல தமிழ். கண்ணுக்குத் தெரியுற உருவத்துக்கு ஒரு எண். 'கு'வுக்கு ஒரு எண், 'கூ'வுக்கு ஒரு எண், 'க்'குக்கு ஒரு எண். கொம்பு முன்னாடி தெரியணும்னா முன்னாடியே சேமிச்சுரும். வந்த வரிசையிலேயே வரைஞ்சா போதும், விதி கிதி எதுவும் வேணாம். சின்னச் சில்லுக்கு அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி இருக்கில்ல?

இடம் பத்துமான்னு கூட்டிப் பாத்துரலாம். ஒளவை ஒகரத்தோட ளகரம் சேர்த்து எழுதிக்கலாம், அதனால உயிர் 11. ஆய்தம் 1. அகர மெய் 18. புள்ளி வச்ச மெய் 18. உகர வரிசை 18. ஊகார வரிசை 18. கால், சுழிக்குறி ரெண்டு, கொம்பு ரெண்டு, ஐகாரக் குறின்னு துணைக்குறி 6. ஒட்டி எழுதுற டி, டீ 2. ஆக மொத்தம் 92. முத்தையாவோட பொறியில இருந்த இடத்துக்குக் கிட்டத்தட்ட அதே கணக்கு! இதோட ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ அஞ்சும், அதுங்களோட புள்ளி வடிவம் அஞ்சும், ஸ்ரீ ஒண்ணும், கிரந்தத்துக்கான உகர, ஊகாரக் குறி ரெண்டும் சேர்த்தா 13. கூட்டினா 105.

105 உருவம். ஒவ்வொண்ணும் 16க்கு 16 புள்ளின்னா 32 பைட். மொத்தம் 3360 பைட். 247ஐயும் தனித்தனியா வரைஞ்சா 7904 பைட். 32 கிலோபைட் சில்லுல முதல் கணக்கு நிம்மதியா உக்காரும். இன்னொரு லாபமும் இருக்கு. 'தண்ணீர்' யூனிகோட்ல 7 குறி, யுடிஎஃப்-8ல சேமிச்சா குறிக்கு 3 பைட் வீதம் 21 பைட். உருவக் குறியீட்டுல த, ண், ண, ஈகாரச் சுழி, ர்னு 5 பைட்.

அதுக்காகத் திஸ்கி எழுத்துருவை அப்படியே தூக்கிப் போட்டா வேலை முடியுமான்னா, ஒரு சின்னச் சிக்கல் இருக்கு. இந்த எழுத்துருக்கள் விண்டோஸோட ஐரோப்பிய அட்டவணையில ஏறி உக்காந்தவை. அந்த அட்டவணையில 128ல இருந்து 159 வரைக்கும் இருக்கிற இடங்களுக்கு யூனிகோட்ல எங்கெங்கேயோ சிதறின எண்கள். 128 கேட்டா 128ல இருக்காது, யூரோ குறியோட எண்ணுல இருக்கும். அதனால மாத்துற கருவிக்கு அந்த 32 இடத்துக்கும் ஒரு மாற்று அட்டவணை கொடுக்கணும். இன்னொண்ணு, 'இ' உக்காந்திருந்த இடம் ஐரோப்பியக் கணக்குல கண்ணுக்குத் தெரியாத மென்கோடு. அதனால சில உலாவிகள்ல 'இ' மட்டும் மாயமா மறைஞ்சு போகும், ஞாபகம் இருக்கா? சில்லுக்கு இந்த வம்பெல்லாம் கிடையாது. அதுக்கு எண்ணுன்னா எண்ணு.

2010ல தமிழக அரசு யூனிகோடோட சேர்த்து டேஸ்16ன்னு ஒண்ணையும் ஏத்துக்கிட்டுது. அதுல எல்லா உயிர்மெய்க்கும் தனித்தனி எண். விதியில்லாம வரைய அதுவும் தோது. ஆனா எண்ணுக்கு 16 பிட்டு வேணும், வரைய வேண்டிய உருவமும் அதிகம். சின்னச் சில்லுக்கு எட்டு பிட்டுதான் கட்டுப்படி ஆகும்.

சரி, எப்படித்தான் பண்றது?

எனக்குச் சரின்னு படுற வழி இதுதான். எழுதுறதை யூனிகோட்லயே எழுதுங்க. மேசைக் கணினியில ஒரு சின்ன நிரல் அதை வாங்கி, கொம்பை முன்னாடி தள்ளி, ககரத்தையும் உகரத்தையும் சேர்த்து 'கு'வாக்கி, 105 உருவங்களோட எண்ணா மாத்தட்டும். அந்த 105 உருவத்தையும் நோட்டோ, லோகித் மாதிரி திறந்த உரிமத்துல இருக்கிற எழுத்துருவுல இருந்து, யூனிகோட் எண்ணால இல்லாம எழுத்துருவுக்குள்ள இருக்கிற உருவ எண்ணால கேட்டு, புள்ளியாக்கி வச்சுக்கலாம். எந்தக் குறிக் கோர்வைக்கு எந்த உருவ எண்ணுன்னு ஹார்ஃப்பஸ்கிட்டயே கேட்டா சொல்லிரும். சில்லுக்குப் போறது ரெண்டே ரெண்டு: புள்ளி, எண் வரிசை. சில்லுக்குத் தமிழ் தெரிய வேண்டியதே இல்லை.

கருவி கொடுக்கிற புள்ளியை அப்படியே நம்பிரவும் கூடாது. 16 புள்ளி உயரத்துல ண, ன ரெண்டும் ஒட்டிக்கிட்டுக் கொழகொழன்னு ஆயிரும். கட்டம் போட்ட தாள்ல வச்சுக் கையால திருத்தணும். 1998ல ரோமன் சிபோரா ஆரம்பிச்ச யூனிஃபான்ட் இப்படிக் கட்டம் கட்டமா, எழுத்துக்கு 8க்கு 16 அல்லது 16க்கு 16 புள்ளிங்கிற அளவுல வளர்ந்ததுதான். தரங்கம்பாடியில சின்ன எழுத்து வார்த்தவங்களும் கண்ணை நம்பித்தான் பண்ணியிருப்பாங்க.

திரையில வரப்போறது நாலே நாலு செய்திதான்னா எழுத்துருவே வேணாம். முழுச் செய்தியையும் படமாவே ஏத்திரலாம். வாக்குப்பதிவு எந்திரத்துக்குப் பக்கத்துல ஒரு சீட்டு 7 விநாடி தெரிஞ்சுட்டு விழுமே, விவிபாட், அதுல வேட்பாளர் பேரும் சின்னமும் படக் கோப்பாத்தான் ஏத்தப்படுது. உள்ள இருக்கிற பொறிக்கு எந்த மொழியும் தெரியாது. ஆனா ஓட்டு போட்ட பாட்டி தன் மொழியில படிச்சுடுது.

கைப்பேசியிலயும் இப்படி ஒரு காலம் இருந்துச்சு. பெரும்பாலான கைப்பேசிக்குத் தமிழே தெரியாத நாள்ல, முத்து நெடுமாறன் செல்லினத்தை உருவாக்கி 2005 பொங்கலன்னைக்கு சிங்கப்பூர்ல வெளியிட்டார். கைப்பேசி செஞ்சவங்க தமிழ் தருவாங்கன்னு காத்துக்கிட்டு இருந்திருந்தா அது நடந்திருக்காது.

இதெல்லாம் எதுக்குங்க?

"டிரை ரன்னுன்னு இங்கிலீஷ்ல போட்டா என்ன, பழகிக்க மாட்டாங்களா?"ன்னு கேக்கலாம். காரிமங்கலம் சுத்துப்பட்டுல போர் போட்டு விவசாயம் பண்றவங்க நிறைய. மோட்டார் நின்னு போச்சுன்னா காரணம் மூணு நாலுதான்: போர்ல தண்ணி இல்லை, கரண்டுல ஒரு ஃபேஸ் இல்லை, லோடு ஜாஸ்தி. பெட்டி காரணத்தைச் சொல்லத்தான் செய்யுது, ஆனா தோட்டக்காரர் படிக்கிற மொழியில சொல்லலை. தண்ணி இல்லாத போர்ல மோட்டாரைத் திரும்பத் திரும்பப் போட்டா காயில் கருகும். தூக்கி வெளிய எடுக்க ஆள் கூலி, சுத்தறதுக்குக் காசு, அதுக்குள்ள காய்ஞ்சு போற பயிர். 3360 பைட்ல தீர வேண்டிய விஷயத்துக்கு ஒரு பட்டத்து வெள்ளாமை போகுது. பால் கொழுப்பு அளக்கிற மெஷின், எடை மெஷின், ரத்த அழுத்தம் பாக்கிற மெஷின்னு இந்தப் பட்டியல் நீளும். எண்ணைப் படிக்கத் தெரிஞ்ச சனம், எச்சரிக்கையைப் படிக்க முடியாம நிக்குது.

இடம் இல்லைன்னு இனிமே யாரும் சொல்ல முடியாது. எட்டு ஓட்டைச் சில்லு வந்த காலத்துல அது உண்மை. இப்ப வர்ற இஎஸ்பி32 மாதிரி சில்லுகள்ல 500 கிலோபைட்டுக்கு மேல நினைவகம் இருக்கு. குறை இடத்துல இல்லை. பெட்டி செய்யுறவங்க கையில எடுத்து அப்படியே ஒட்டிக்கிற மாதிரி ஒரு கோப்பு வேணும். ஆங்கிலத்துக்கு அது பெட்டியோடவே வருது. தமிழுக்கு நாமதான் செஞ்சு வைக்கணும்.

கல்லுல சுமை படிக்கிறவனுக்கு. ஈயத்துல அச்சுக் கோக்கிறவனுக்கு. தட்டச்சுல பாதி விரலுக்கு, பாதி பொறிக்கு. இப்ப அந்தச் சுமையை ஒரே ஒரு தடவை மேசைக் கணினி தலையில கட்டிட்டா, சில்லும் தப்பிக்கும், படிக்கிறவரும் தப்பிப்பார். அந்த 105 உருவத்தையும் 12, 16, 24 புள்ளி உயரத்துல வரைஞ்சு, யாரும் காசு கொடுக்காம எடுத்துக்கிற மாதிரி பொதுவுல வைக்கலாம்னு இறங்கியிருக்கேன். 16 புள்ளியில உகர வரிசை முடிஞ்சுது. ஊகாரத்துல 'ணூ' இன்னும் அடங்க மாட்டேங்குது :-)

டிஸ்கி: 105 கணக்குல உங்களுக்கு வேண்டிய எழுத்து ஏதாவது விட்டுப் போயிருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே, மேல இன்னும் 23 இடம் காலியா இருக்கு. '௧, ௨ எல்லாம் எங்கே'ன்னு கேக்கப் போறவங்களுக்கு: அந்த 23ல முதல் துண்டு அதுக்குத்தான் போட்டு வச்சிருக்கேன்.